துரு எடுத்தவர்

முப்பத்து மூன்று வருஷம் துருவை அடித்துக் கொன்ற ஒருவர், அறுபதாவது வயதில் துருவைப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளப் போனார்.

அவர் பேர் தளவாய். அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே முழிப்பார். 'ரெட் ஆக்சைடு அண்ணாச்சி' என்று கேட்டால் தெரு நாய்கூட வாலை ஆட்டிக்கொண்டு வீட்டு வாசல் வரை கூட்டிப்போகும்.

தெற்கே ஒரு துறைமுக ஊர். அங்கே படகு செப்பனிடும் பட்டறை ஒன்றில் அவர் பெயிண்ட் மேஸ்திரி. இரும்பைக் கண்டால் முதலில் சுத்தியலால் தட்டுவார். துரு செதில் செதிலாக உதிரும். பிறகு கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார். பிறகு, துரு திரும்ப வராமலிருக்க, செங்கல் நிறத்தில் ரெட் ஆக்சைடு ஒரு கை. அது காய்ந்ததும் இன்னொரு கை. அதற்கு மேலேதான் கலர். கடைசியில், காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஓரமாகப் பெருவிரலால் ஓர் அழுத்து. இத்தனையும் முடிகிற வரை வாயில் வெற்றிலை போட மாட்டார்.

வீட்டு ஜன்னல் கம்பி, கோழிக்கூடு, கிணற்று உருளை எல்லாவற்றுக்கும் ரெட் ஆக்சைடு. "மாப்பிள்ளைக்கும் ரெண்டு கை பூசிட்டுத்தான் மனுசன் பொண்ணக் குடுத்தாரு" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மாப்பிள்ளை கொஞ்சம் சிவப்பு.

குருவின் பேர் மெர்சலின். வயது முப்பத்தொன்று. மீன் சந்தைக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருந்தாள். கல்யாணம், கோயிலில் பிள்ளைகளின் புதுநன்மை, பாஸ்போர்ட் படமெல்லாம் சோற்றுக்கு. மற்றபடி அவள் எடுத்தது முழுக்கத் துரு. நங்கூரச் சங்கிலி, உப்பளத்து மோட்டார், கைவிட்ட லாரியின் கதவு. கிட்டத்தில் போய், கிட்டத்தில் போய், உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் எடுத்து ஆள் உயரத்துக்குச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள். ஆரஞ்சு, காப்பி, ஊதா, நடுவில் மயில் கழுத்து நீலம். எந்தப் பொருளில் எடுத்தது என்று ஒருத்தருக்கும் பிடிபடாது.

பாஸ்போர்ட்டுக்கு வந்த மாலுமி, "சிஸ்டர், இது செவ்வாய் கிரகமா?" என்பான்.

மீன் விற்கிற அம்மா, "ஏ தாயி, இது சாளை மீனு பொரிச்ச சட்டில்லா? கழுவாமயா மாட்டி வச்சிருக்க?" என்பாள்.

மெர்சலின் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லுவாள். "இருக்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கூட்டம் கலைந்த நேரம், தளவாய் அந்தச் சுவர் முன்னால் வந்து நின்றார். நின்றார் என்றால் அரைமணி நேரம் நின்றார்.

"பாஸ்போர்ட்டா, அண்ணாச்சி?"

"இல்ல டீச்சர். எனக்கும் இது கத்துக் குடுக்கணும்."

"டீச்சரா? எங்க அப்பா வயசு உங்களுக்கு."

"வயசு கெடக்கு. தெரிஞ்சவங்க டீச்சர். தெரியாதவன் பையன்."

"எதுக்குக் கத்துக்கணும்?"

தளவாய் சுவரைக் காட்டினார். "எந்தப் பொருளு, எந்த எடம்னு யாருக்கும் தெரியாம எடுத்திருக்கியளே. அது எனக்குப் பிடிச்சிருக்கு."

"யாருக்கும் தெரியக் கூடாதா?"

"யாருக்கும்."

"எடுத்தவருக்கு?"

தளவாய் சிரித்தார்.

மெர்சலின் ஒரு பழைய கேமராவை எடுத்து அவர் கையில் வைத்தாள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினாள். "துறைமுகத்து முனையில, படகுக் கயிறு கட்டுற இரும்புத் தூண் ஒண்ணு இருக்குல்ல? போயி அதுல உள்ள துருவ எடுத்துட்டு வாங்க."

போனார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். வேட்டியெல்லாம் சிவப்பு. முழங்கை வரை சிவப்பு. முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

கேமராவில் ஒரே ஒரு படம். தூண் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. அடி முதல் நுனி வரை செங்கல் நிறம். வெயிலில் பளபளத்தது.

"துரு எங்க, அண்ணாச்சி?"

"எடுத்துட்டேன் டீச்சர்! ஒரு பொட்டு இல்லாம எடுத்துட்டேன். ரெண்டு கை பூசியாச்சு. இன்னும் அஞ்சு வருசத்துக்கு அசையாது."

மெர்சலின் பக்கத்திலிருந்த ஸ்டுடியோ குடை விளக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது சாய்ந்தது. அதோடு சேர்ந்து அவளும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். தளவாய்க்கு ஒன்றும் புரியவில்லை. சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்தவனைப் பார்த்து எதற்குச் சிரிப்பு?

மறுநாள் காலை டீக்கடையில் இதுதான் கதை. கடலில் அலையைவிட வேகமாகப் போவது இந்த மாதிரிச் செய்திதான்.

"அண்ணாச்சி, எம் பல்லுல கொஞ்சம் கறை இருக்கு. ஒரு படம் எடுத்து வுடுங்களேன்" என்றார் டீ ஆற்றுகிறவர்.

"எங்க மாமியாரையும் எடுப்பாரான்னு கேளு" என்றது பெஞ்சில் இருந்த ஒரு குரல்.

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் சூசை. தளவாயோடு பட்டறையில் இருபத்து நாலு வருஷம் பெயிண்ட் அடித்தவர். இப்போது மீன்பிடித் துறைமுக வாசலில் கேட்டைத் திறந்து மூடுகிற வேலை. தினமும் காலை ஆறரைக்கு இரண்டு பேரும் இந்த பெஞ்சில்தான் டீ குடிப்பார்கள். சூசைக்கு இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. தடி ஊன்றித்தான் நடப்பார்.

"பேசாம என்னையப் படம் எடும்வே. நான் நேரா நின்னா படம் சாயும், படம் நேரா நின்னா நான் சாய்வேன்."

கடை முழுக்கச் சிரித்தது. தளவாயும் சிரித்தார். சூசையின் கால் பேச்சு வரும்போதெல்லாம் அவர் கொஞ்சம் பிந்தித்தான் சிரிப்பார். ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

அது என்னவென்றால், 'மரகதம்' என்று ஓர் இழுவைப் படகு. பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்து வருவது. வருஷத்துக்கு ஒரு தரம் பட்டறைக்கு வரும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வந்தபோது எல்லா வேலையும் முடிந்து, மேல்தளத்துக்குப் போகிற இரும்பு ஏணியில் ஒரு படி மட்டும் பாக்கி. மேலிருந்து நாலாவது படி. காலை ஒன்பதரை மணி. 'பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வாரார்' என்று கீழேயிருந்து சத்தம். தட்டித் தேய்த்து இரண்டு கை பூச நேரமில்லை. தளவாய் சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. சாம்பல் கலரை எடுத்துத் துரு மேலேயே பூசினார். ஒரே பூச்சு. தன் கையால். வாழ்க்கையில் அந்த ஒரே ஒரு தரம்.

எட்டாம் நாள் சூசை பெயிண்ட் டப்பாவோடு அந்த ஏணியில் ஏறினார். நாலாவது படி முறிந்தது. தொடை எலும்பும் முறிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சூசைதான் சொன்னார். "நான்தான் பாக்காம கால் வச்சிட்டேன் போல."

அந்தப் 'போல'வைத் தளவாய் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கால் தவறி விழுந்த வேகத்தில்தான் படி முறிந்தது என்று முடிவுகட்டி, விசாரணைக் காகிதத்தில் 'ஏறியவரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். கீழே சாட்சிக் கையெழுத்து போட்டவர் தளவாய்.

அன்றிலிருந்து சூசை வீட்டில் குழம்பு கொட்டினாலும், பூனை பாலைக் குடித்தாலும் அவர் மனைவி பிலோமினா ஒரே வார்த்தைதான். "கண்ணு பின்னால பொடனியில இருந்தா கால் எப்படி இருக்கும்?" சூசையும் அதையே தன்னைப் பற்றிய வேடிக்கையாக ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த ஞாயிறு மெர்சலின் முதல் காரியமாகத் தளவாயின் பையைத் திறந்து சுத்தியலையும் கம்பி பிரஷ்ஷையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"துரு முன்னால போயி உக்காருங்க. கைய மடியில வச்சுக்கங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க."

"படம்?"

"இன்னைக்குப் படம் வேண்டாம்."

மீன் ஏலக் கூடத்தின் பழைய ஷட்டர் முன்னால் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் கை அரித்தது. இருபது நிமிஷத்தில் ஒரு செதிலை நகத்தால் கிள்ளிவிட்டார். யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார். ஒரு காக்கா பார்த்தது.

நாலாவது ஞாயிறு கை அரிப்பு நின்றது. ஆறாவது ஞாயிறு வந்து சொன்னார். "டீச்சர், அது ஒரு கலரு இல்ல. காலையில வேற, உச்சிக்கு வேற. ஓரத்துல ஊதா ஓடுது. முப்பத்து மூணு வருசம் தட்டுனேன், ஒருக்கா பாத்தது கெடையாது."

"இப்ப கேமராவ எடுங்க."

எடுத்தார். மனிதர் வெறி பிடித்தவர் மாதிரி எடுத்தார். சிற்றாற்றுக் கழிமுகத்தில் உடைக்கப் போட்டிருந்த படகுகளையெல்லாம் எடுத்தார். துருவில் நெருப்பு, துருவில் பாசி படர்ந்த மழைக்காலம், துருவில் ஒரு கிழவியின் கன்னம். மெர்சலின் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். சிலதைத் தள்ளுவாள், சிலதை வைத்துக்கொள்வாள். ஒரு நாள் எல்லாப் படத்தையும் மேசையில் பரப்பி, கழிமுகத்தின் வரைபடம் மாதிரி அடுக்கினாள். நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"இங்க ஒரு படகு கிடக்குல்ல? சாம்பல் கலர்ல."

"மரகதம்."

"அதுக்கு இந்தப் பக்கம் நின்னு எடுத்திருக்கீங்க. அந்தப் பக்கம் நின்னு எடுத்திருக்கீங்க. அத மட்டும் எடுக்கல."

"அங்கன சகதி, டீச்சர். முட்டளவு."

"அப்படியா?" என்றாள் மெர்சலின். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தளவாய் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார்.

அந்த வாரமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டளவு சகதியில் இறங்கினார். படகில் ஏறினார். ஏணியை யாரும் சரிசெய்யாமல் அப்படியே விட்டிருந்தார்கள். நாலாவது படியின் முறிந்த துண்டு, பற்றவைத்த இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. தளவாய் அதன் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துக் கிட்டத்தில் போனார். இன்னும் கிட்டத்தில் போனார். ஏணி மறைந்தது. படி மறைந்தது. படகு மறைந்தது. கேமராக் கண்ணாடிக்குள் வெறும் நிறம் மட்டும் இருந்தது. அப்பாடா என்று மூச்சு வந்தது. பொத்தானை அழுத்தினார்.

அந்தப் படத்தை மெர்சலின் ஒரு தம்ளர் டீ ஆறுகிற வரை பார்த்தாள். சாம்பல் பூச்சு தீய்ந்த அப்பளம் மாதிரிச் சுருண்டு மேலெழும்பியிருந்தது. அதன் அடியில் ஆரஞ்சும் கறுப்புமாகத் துரு பொங்கியிருந்தது. சுருளின் ஓரத்தில் ஒரு சின்னச் சுழி. வட்டத்துக்குள் வட்டமாக, மெல்லிய கோடுகள்.

"இந்தச் சுழி என்ன, அண்ணாச்சி?"

"பெயிண்ட் சுருங்குனது."

மெர்சலின் அவர் தம்ளர் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். தளவாய் தம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

இதற்கிடையில் சென்னையிலிருந்து கவின்மாறன் என்று ஒருவர் வந்தார். கண்காட்சி நடத்துகிறவர். கழுத்தில் கட்டம் போட்ட துணி, பேச்சில் கட்டுக்கடங்காத தமிழ். ஊரில் உப்பு மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கியில் மெர்சலின் படங்களை வைக்க ஏற்பாடு. தளவாயின் படத்தைப் பார்த்ததும் அவர் இரண்டு கையையும் காற்றில் தூக்கினார்.

"ஐயா! இது இருப்பின் உரிதல். காலம் தன் தோலைத் தானே கழற்றும் கணம். இந்தச் சுழலைப் பாருங்கள். பிரபஞ்சம் ஐயா, பிரபஞ்சம்! இதுதான் நடுச்சுவரில்."

"சரிங்க" என்றார் தளவாய். பிரபஞ்சம் என்று சொல்லிவிட்டார்கள். இனி யாருக்குத் தெரியப் போகிறது?

"தலைப்பு?"

"தலைப்பு வேண்டாங்க."

"ஆகா! 'தலைப்பற்றது'. எவ்வளவு துணிச்சல்!"

அவர் போன பிறகு தளவாய் குருவிடம் கேட்டார். "டீச்சர், ஊரு சொல்லுறது கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க. நான் நல்லா எடுத்திருக்கேனா?"

மெர்சலின் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இத யாரு பாத்துரக் கூடாதுன்னு நினைக்கீங்களோ, அவரக் கூட்டிட்டு வாங்க. அவரு பாத்த பெறகு சொல்லுதேன்."

"அப்படி யாரும் இல்லையே."

"சரி. அப்ப யாரையும் கூட்டிட்டு வராதீங்க."

கண்காட்சி திறந்த அன்றிலிருந்து மூன்று நாள் தளவாய்க்குச் சோறு இறங்கவில்லை. டீ மட்டும் இறங்கியது. நாலாம் நாள் காலை டீக்கடையில் சூசைதான் ஆரம்பித்தார்.

"என்னவே, ஊரெல்லாம் கிட்டங்கிக்குப் போகுதாமே. நடுச்சுவத்துல உம்ம படமாமே. எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ஒமக்கு எதுக்குவே அதெல்லாம்? அங்கன மூணு படி ஏறணும்."

"படியா?" சூசை தடியைத் தூக்கித் தன் காலைத் தானே தட்டிக்கொண்டார். "அப்ப வேண்டாம்வே. எனக்கும் படிக்கும் ஆகாது. நான்தான் பொடனியில கண்ணு உள்ளவனாச்சே."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தளவாய்க்குச் சிரிப்பு பிந்திக்கூட வரவில்லை. தம்ளரைக் கீழே வைத்தார்.

"சாயங்காலம் வாரும். நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

சாயங்காலம் கிட்டங்கியில் நல்ல கூட்டம். உப்பு மணம் இன்னும் சுவரில் இருந்தது. தளவாய் சூசையின் கையைப் பிடித்து மூன்று படியும் ஏற்றினார்.

நடுச்சுவரில் படம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. கவின்மாறன் பக்கத்தில் நின்று பிரபஞ்சத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இலங்கை மேப்பு மாதிரி தெரியுது" என்றார் தபால்காரர்.

"சூரியன் முங்குது, பாரேன்" என்றாள் ஒரு கல்லூரிப் பெண்.

மீன் விற்கிற அம்மா தலையை ஆட்டினாள். "நான் அன்னைக்கே சொன்னேன். சட்டி."

சூசை தடியை ஊன்றிக்கொண்டு கிட்டத்தில் போனார். இன்னும் கிட்டத்தில் போனார். மூக்கு படத்தில் படுகிற தூரத்தில் நின்றார். பிறகு கடகடவென்று சிரித்தார்.

"ஏ வே! பிரபஞ்சமா? இது உம்ம பெருவிரல்லா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கவின்மாறன் 'பிரபஞ்' வரை வந்து நின்றுவிட்டார்.

"இருபத்து நாலு வருசம் இந்தப் பெருவிரல் பின்னாலல்லா சுத்துனேன்" என்று சூசை எல்லாருக்கும் விளக்கினார். "காஞ்சிருச்சான்னு அழுத்திப் பாப்பாரு. பாதி நாளு காஞ்சிருக்காது, ரேகை அப்படியே விழுந்திரும். நாங்க சொல்லிச் சிரிப்போம், அண்ணாச்சி கையெழுத்து போட்டுட்டாருன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். சூசையும் சிரித்துக்கொண்டே மறுபடி படத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. விரலை நீட்டிச் சாம்பல் பூச்சின் ஓரத்தைத் தொடாமல் தொட்டுக்கொண்டே போனார், பெயிண்டர் பார்க்கிற மாதிரி.

"இது மரகதத்துக்கு அடிச்ச சாம்பலு."

"ஆமா" என்றார் தளவாய்.

"கலரு இருக்கு. அடியில துரு இருக்கு." சூசையின் குரல் இறங்கியது. "நடுவுல செவப்பு எங்கவே?"

யாரோ ஒரு பையனைப் போலத் தளவாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"துருவோட செவப்புதான் இருக்கு. நம்ம செவப்பு இல்லையே."

"பூசல."

"நீரா? பூசலையா?"

"பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வாராருன்னாங்க. அப்படியே மேல அடிச்சிட்டேன்."

"எந்த எடம் இது?"

சூசை காத்திருந்தார். கூட்டத்தில் சிலர் மெதுவாக அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். மெர்சலின் தூணில் சாய்ந்து நின்றாள்.

"மேல இருந்து நாலாவது படி" என்றார் தளவாய்.

சூசை தன் காலைப் பார்த்தார். பிறகு படத்தை. பிறகு மறுபடி காலை.

"நான் பாக்காம கால வச்சேன்னுல்லா..."

"நீரு சரியாத்தான் வச்சீரு, சூசை. படிதான் அங்க இல்ல, வெறும் துருதான் இருந்துச்சு."

வெளியே ஐஸ் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.

"ஒம்பது வருசம்வே. டீ வேற குடிச்சோம்."

"ஆமா."

"நான் பொடனிக் கண்ணுன்னு சொன்னப்பல்லாம் நீரும் சிரிச்சீரு."

"ஆமா."

"பட்டறைக் காகிதத்துல எம் பேருல்லா எழுதிக் கெடக்கு?"

"நாளைக்கே போயி மாத்தி எழுதிக் குடுக்கேன்."

"காகிதம் பெறகு. பிலோமிகிட்ட யாரு சொல்லுவா?"

தளவாய் கையை நீட்டினார், பிடித்து இறக்கிவிட. சூசை அந்தக் கையைப் பார்த்தார். பிடிக்கவில்லை. தானாகவே வாசலுக்குப் போனார். முதல் படியைத் தடியால் தட்டிப் பார்த்தார், இரும்பைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிற மாதிரி. சத்தத்தைக் கேட்டுவிட்டுக் காலை வைத்தார். இரண்டாவது படி, ஒரு தட்டு. மூன்றாவது படி, ஒரு தட்டு. கீழே இறங்கித் திரும்பாமலே சொன்னார்.

"நாளைக்கு டீக்கடைக்கு வராதேயும். வீட்டுக்கு வாரும். எல்லாத்தையும் அவகிட்ட நீரே சொல்லும். நான் பக்கத்துல இருந்து கேக்கணும்."

தடிச் சத்தம் தெருவில் போய்க்கொண்டே இருந்தது.

கிட்டங்கி காலியாகிவிட்டது. கவின்மாறன் போனைக் காதில் வைத்துக்கொண்டு தூரமாக எங்கோ நடந்தார். தளவாய் நடுச்சுவருக்குப் போனார். சட்டத்தின் இரண்டு பக்கமும் கையை வைத்தார்.

"டீச்சர், இந்தப் படத்த எடுத்துரட்டுமா?"

மெர்சலின் தூணை விட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். படத்தைப் பார்த்தாள்.

"இப்பதானே அண்ணாச்சி எடுத்திருக்கீங்க."